விபத்து அறிக்கையை அன்றைக்கே எழுதுங்கள்: ஈஎஸ்ஐ பார்க்கும் கணக்கர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனி, பவர் பிரஸ் ஷெட், ஃபவுண்ட்ரி, ஸ்பின்னிங் மில் என்று பல இடங்களில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) வேலை பார்க்கும் கணக்கர்களுக்கும், ஹெச்ஆர் ஆட்களுக்கும், ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை முதலாளிமார்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. மெஷினில் ஒருவன் கை சிக்கும்போது முதலாளி பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதில்லை. கையில் துணியைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவது சூப்பர்வைசர். ஆபீஸில் உட்கார்ந்து போனில் யோசனை சொல்வது கணக்கர். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன எழுதினீர்கள் என்பதை வைத்துத்தான் அந்த ஆளுக்குச் சாகிற வரைக்கும் மாதாமாதம் பணம் வருமா வராதா என்பது முடிவாகிறது. பல பேருக்கு இது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே செய்கிறவர்களுக்கு இந்த மடலால் பிரயோஜனம் இல்லை.

நான் ஒரு தொழிற்சங்க ஆபீஸில் மனு எழுதிக் கொடுக்கிறவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் விபத்து நடந்து வருஷக்கணக்கான பிறகுதான் வருகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் தனியார் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, மடங்கிப்போன எக்ஸ்ரே, ஏஆர் காப்பி. நான் முதலில் பிரித்துப் பார்ப்பது அந்த ஏஆர் காப்பியைத்தான். அடிபட்டு வருகிறவரைப் பற்றி ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிற குறிப்பு அது. எப்போது, எங்கே, எதனால் என்று இரண்டே வரி.

சமீபத்தில் வந்த ஒரு கட்டிங் மாஸ்டரின் ஏஆர் காப்பியில் ‘வீட்டில் கதவிடுக்கில் விரல் சிக்கியதாகக் கூறுகிறார்’ என்று இருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. கதவில் சிக்கினால் விரல் நசுங்கும். இவருக்கோ ஒரே சீராக வெட்டுப்பட்டிருக்கிறது. பேண்ட் நைஃப் மெஷினில் துணி அடுக்கைத் திருப்பும்போது போயிருக்கிறது. இரும்பு வலைக் கையுறை இருந்ததாம். அதைப் போட்டுக்கொண்டால் வேலை ஓடாது என்று ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வண்டியில் போகும்போது சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்: “வீட்ல அடிபட்டுதுன்னு சொல்லிரு கண்ணு. மீதிய கம்பெனி பாத்துக்கும்.” கம்பெனியும் பார்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியது, இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தது. அதோடு சரி. இப்போது அவர் அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறார், கட்டிங் மாஸ்டர் கூலியில் முக்கால்வாசிக்கு.

அந்தச் சூப்பர்வைசரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கூடவே மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். விபத்து என்று எழுதினால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார், வெளிநாட்டு பையர் ஆடிட்டில் கேள்வி வரும், முதலாளி நம் மேல் பாய்வார் என்ற பயம்தான் அவருக்கு. அந்தப் பயத்தில் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்.

வேலையில் அடிபட்டால் ஈஎஸ்ஐ-யில் இரண்டு வகைப் பணம் உண்டு. முதலாவது, காயம் ஆறி வேலைக்குத் திரும்பும் வரை கிடைக்கும் தற்காலிக ஊனப் பயன். சராசரி தினக் கூலியில் 90 சதவீதம். விபத்து நடந்த நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் போதும். நோய்ப் பயனுக்கு வேண்டியதுபோல 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்கிற நிபந்தனை எதுவும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. இத்தனை நாள்தான் என்ற வரம்பும் இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம், நிரந்தர ஊனப் பயன். காயம் ஆறிய பிறகு மருத்துவக் குழு கையைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று முடிவு செய்யும். சட்டத்தின் அட்டவணையிலேயே பல காயங்களுக்குச் சதவீதம் இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டாலும் 5 சதவீதம் உண்டு. அட்டவணையில் இல்லாத காயமானால், விரல் இருந்தும் மடங்காமல் விறைத்துப் போயிருந்தால், குழு பார்த்து நிர்ணயிக்கும். குழு குறைத்துப் போட்டதாகத் தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஈஎஸ்ஐ நீதிமன்றத்துக்கோ போகலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். சராசரி தினக் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதம் 450. கட்டைவிரல் போனவருக்கு அதில் 30 சதவீதம், அதாவது நாளுக்கு 135 ரூபாய். முப்பது நாள் மாதத்துக்கு 4,050. ஆள்காட்டி விரலுக்கு நாளுக்கு 63 ரூபாய், மாதம் 1,890. ஆயுள் முழுக்க வரும். விலைவாசியை ஒட்டி அவ்வப்போது கூட்டியும் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டிங் மாஸ்டருக்கு நாற்பது வயசு. இன்னும் முப்பது வருஷம் இருப்பார் என்று போட்டால், கூட்டிக் கொடுப்பதைச் சேர்க்காமலே ஏழு லட்சத்துக்குச் சற்று குறைவாக வருகிறது. கதவிடுக்கு என்று ஒரு பொய் சொன்னதற்கு அவர் கொடுத்த விலை இது.

இதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. 2019 ஜூலையிலிருந்து முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதாமாதம் நீங்களே கணக்குப் போட்டு, சலான் எடுத்து, கட்டிவிட்டீர்கள். பயனைக் கொடுப்பது ஈஎஸ்ஐ கார்ப்பரேஷன். அது மட்டுமல்ல, ஈஎஸ்ஐ-யில் இருக்கும் தொழிலாளி அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின்படி முதலாளியிடம் தனியாகப் பணம் கேட்க முடியாது. முதலாளிக்குச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு அது. பிரீமியத்தைக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரி பில்லையும் கைக்காசில் கட்டுகிற கம்பெனிகளை என்னவென்று சொல்வது! கணக்கர்களே, இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. விபத்தை மறைக்க வேண்டுமே என்று, ஆள் வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் நாட்களுக்கெல்லாம் வருகைப் பதிவேட்டில் ‘பி’ போட்டுச் சம்பளத்தையும் கொடுத்துவிடுவது. கேட்டால் உதவி என்பீர்கள். அந்த நாட்களில் அவர் வேலை செய்தார் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்த பிறகு, தற்காலிக ஊனப் பயன் எப்படி வரும்? பின்னால் அவர் நிரந்தரப் பயன் கேட்டுப் போகும்போது, ‘அடிபட்டதாகச் சொல்லும் வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்திருக்கிறாரே’ என்று ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், ஆனால் அங்கே நிற்பது அவர்.

அப்புறம் கவர் சம்பளம். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு பேங்கில், மீதி கவரில் கையோடு. ஈஎஸ்ஐ-க்குக் காட்டுவது பேங்கில் போவதை மட்டும். நாளுக்கு 500 வாங்குகிறவரை 300 என்று காட்டினால், மேலே சொன்ன கட்டைவிரல்காரருக்கு மாதம் 4,050 வர வேண்டிய இடத்தில் 2,430 வரும். சந்தாவில் முதலாளி மிச்சம் பிடிப்பது நாளுக்கு ஆறரை ரூபாய். தொழிலாளியும் பிடித்தம் குறைகிறதே என்று தலையாட்டிவிடுகிறார், அவருக்கு மிச்சமாவது ஒன்றரை ரூபாய். நீங்கள் சம்பளப் பட்டியல் போடும்போது இதை ஒருமுறையாவது அவர்களிடம் சொல்லிக் காட்ட வேண்டாமா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், 1948-ஆம் வருஷத்து ஈஎஸ்ஐ சட்டம் சேர்ந்துவிட்டது. அதில் அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டுவது மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதல் பங்கு கூலியோடு சேர்ந்துவிடும். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டுகிற கைவேலைக்கு இனி அவ்வளவு இடமில்லை. கவருக்குள் போகும் பணத்தை மட்டும் எந்தச் சட்டமும் தானாகக் கண்டுபிடிக்காது.

ஈஎஸ்ஐ-யில் பதிவே செய்யாத ஆளுக்கு அடிபட்டால் நடக்கிற கூத்து உங்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு விபத்து, மதியம் மூன்று மணிக்கு ஐபி நம்பர், அதாவது ஈஎஸ்ஐ காப்பீட்டு எண். ஈஎஸ்ஐ போர்ட்டலில் பதிவான தேதியும் நேரமும் நிற்கும். விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். அதற்குப் பயந்துதான் பல பேர் விபத்துத் தேதியை நான்கு நாள் தள்ளிப் போடுகிறார்கள். அப்போது ஏஆர் காப்பி ஒரு தேதியும், அறிக்கை இன்னொரு தேதியும் சொல்லும். மனு அங்கேயே முடங்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பதிவு செய்யாமல் விட்டது முதலாளியின் குற்றம். அதற்கு உண்டானதை கார்ப்பரேஷன் முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வழி இருக்கிறது. அன்றைக்கு வேலையில் இருந்தார் என்பது உறுதியானால் தொழிலாளியின் உரிமை போகாது. கான்ட்ராக்டர் ஆள், நம்ம ஆள் இல்லை என்று கைகழுவவும் முடியாது. உங்கள் ஷெட்டில் வேலை செய்தவருக்குக் கான்ட்ராக்டர் சந்தா கட்டாவிட்டால் கட்ட வேண்டியது உங்கள் முதலாளிதான்.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பையன்கள் விஷயம் இதைவிட மோசம். கையில் ஒரு தொகையைக் கொடுத்து ரயில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பையனுக்கு ஐபி நம்பர் என்று ஒன்று இருக்கிறது என்பதைக்கூடச் சொல்வதில்லை. நிரந்தர ஊனப் பயன் பேங்க் கணக்குக்குத்தான் போகிறது. அவன் ஊரில் இருந்தாலும் போகும்.

தொழிலாளிகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கும் தப்பான தகவல்களும் உண்டு. வேலைக்குத் திரும்பினால் மாதப் பணம் நின்றுவிடும் என்பது ஒன்று. தற்காலிகப் பயன்தான் வேலை செய்து கூலி வாங்கும் நாட்களுக்குக் கிடையாது. நிரந்தர ஊனப் பயன் வேலையில் இருந்தாலும் வரும், வேறு கம்பெனிக்குப் போனாலும் வரும். இன்னொன்று, ‘40 சதவீதம் இல்லேன்னா ஒண்ணும் கிடைக்காதுங்க.’ அந்த 40 மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை ஒட்டிய அரசுச் சலுகைகளுக்கு உள்ள அளவு. ஈஎஸ்ஐ பார்ப்பது சம்பாதிக்கும் திறன் இழப்பை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 7 சதவீதமானாலும் ஈஎஸ்ஐ-யில் பணம் உண்டு.

வேலைக்கு வரும் வழியிலோ, முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலோ விபத்து நடந்தால் அதுவும் பணிக்காயம்தான், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தி வந்தால். 2010 திருத்தத்திலிருந்தே இப்படித்தான். நைட் ஷிப்ட் முடிந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் போகும்போது லாரி இடித்த கேஸுக்கு, ‘கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் என்ன செய்வது’ என்று கம்பெனி எழுதிக் கொடுத்த கடிதத்தை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் எத்தனை மணிக்குப் பஞ்ச் அடித்து வெளியே போனார் என்ற ஒரு பிரிண்ட் கொடுத்திருந்தால் போதும்.

ரத்தம் வராத காயங்களும் இருக்கின்றன. மில்லில் வருஷக்கணக்காகப் பஞ்சுத் தூசியை இழுத்து வரும் நுரையீரல் நோய், ஃபவுண்ட்ரி மணலால் வரும் சிலிகோசிஸ், சத்தத்தால் காது மந்தமாவது எல்லாம் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளவை. இவற்றையும் பணிக்காயமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்துமா என்று மாத்திரை வாங்கித் தின்றுகொண்டு லீவ் போடுகிற கார்டிங் ஆட்கள் உங்கள் மில்லில் இருந்தால் ஈஎஸ்ஐ மருந்தகத்துக்கு அனுப்பி, என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை எழுதிக் கொடுங்கள். டாக்டருக்கு அவர்கள் அதைச் சொல்வதே இல்லை.

வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய்க்கு வருமானம் கொஞ்ச நாள்தான். 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரைக்கும். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் மாதிரி பட்டியலில் உள்ள நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. அதற்குத் தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்திருக்க வேண்டும். நடுவில் வேண்டுமென்றே பிரேக் கொடுத்து, ஆளைப் புதுசாகச் சேர்த்ததுபோல் காட்டுகிறீர்களே, அந்தப் பிரேக்கில் அடிபட்டுப் போவது இதுதான். பிஎஃப் பக்கமும் ஒன்றுண்டு. முழுமையாக, நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவருக்குப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டியதில்லை, ஒரு மாதம் கட்டியிருந்தால் போதும். பத்து வருஷம் ஆகவில்லை என்று சொல்லிப் பணத்தை எடுத்துக்கொள்ளும் ஃபார்மில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இதையும் பாருங்கள்.

சூப்பர்வைசர்களே, கொஞ்சம் உங்கள் கதையையும் பேசுவோம். ஈஎஸ்ஐ-யின் சம்பள உச்சவரம்பை 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக வைத்தார்கள். சம்பளம் அதைத் தாண்டினால் அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடிந்ததும் வெளியே. உங்களில் பல பேர் அப்படி வெளியே வந்தவர்கள். பிடித்தம் நின்றது என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இப்போது உங்கள் கை அதே பவர் பிரஸ்ஸில் போனால் மாதப் பணம் கிடையாது. 1923-ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து வரும் இழப்பீடு உண்டு, அதுவும் ஒரே தடவை கொடுக்கும் தொகை. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 2020 ஜனவரி அறிவிப்புப்படி கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000-தான். நாற்பது வயசுக்காரருக்கு முழு ஊனம் என்றால் ஏறத்தாழ பதினாறரை லட்சம், கட்டைவிரலுக்கு அதில் 30 சதவீதம். கம்பெனி இதற்கு இன்சூரன்ஸ் எடுக்காமல் இருந்தால் முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நீங்கள் கேஸ் போட வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்த பாலிசி இருக்கிறதா என்று கணக்கரிடம் கேட்டுப் பாருங்கள். பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா இருக்கிறதே என்பீர்கள். போட்டு வையுங்கள், நல்லதுதான். ஆனால் அதில் ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ முழுதும் செயலிழந்தால் ஒரு லட்சம், இரண்டும் போனால் இரண்டு லட்சம். விரலுக்குக் கிடையாது. சம்பளம் உயர உயர இந்தப் பாதுகாப்பு குறைகிற கோளாறை டெல்லியில் உள்ளவர்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டால் கம்பெனி பெயர், மெஷின் பெயர், நேரம் மூன்றையும் சொல்லுங்கள். ஏஆர் காப்பியில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று வாங்கிப் படியுங்கள். கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதுங்கள். தொழிலாளி வாயால் சொன்னாலே தகவல் கொடுத்ததாகத்தான் கணக்கு, எழுத்தில் தரவில்லை என்று தட்டிக்கழிக்காதீர்கள். விபத்து அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுங்கள். விரல் போன மாதிரிப் பெரிய காயமென்றால் உடனே. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குத் தகவல் சொல்லி சர்டிபிகேட்டுகளைத் தொடர்ச்சியாக வாங்க வையுங்கள், நடுவில் விட்டுப்போன நாட்களுக்குத்தான் பிறகு அலைய வேண்டியிருக்கும். கடைசி சர்டிபிகேட் வாங்கிய கையோடு, மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி மனுக் கொடுக்க ஆளை அனுப்புங்கள். தற்காலிகப் பயன் வாங்கிக்கொண்டிருக்கும் ஆளை வேலையை விட்டு நிறுத்த முதலாளிக்கு உரிமை இல்லை என்பதையும் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே நடந்துபோனதற்கு என்ன செய்வது? உங்கள் செக்கிங் டேபிளிலும், பேக்கிங்கிலும், வாட்ச்மேன் ரூமிலும் விரல் இல்லாத ஆட்கள் இருப்பார்கள். தாமதமான கேஸ் கஷ்டமானதுதான். ஆனாலும் சரியான காரணம் காட்டினால் நீதிமன்றம் கேட்கும். அங்கே நிற்கக்கூடிய பெரிய சாட்சி கம்பெனியின் கடிதம்: இன்ன தேதியில், இன்ன மெஷினில், இவருக்கு அடிபட்டது, அறிக்கை அனுப்பாமல் விட்டது எங்கள் தவறு. அந்த ஒரு கடிதத்தை முதலாளியிடம் பேசி, லெட்டர்பேடில் அடித்து, சீல் வைத்துக் கொடுங்கள். மனுவை நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழிற்சங்க ஆபீஸில் மனு எழுதுகிறவன்
திருப்பூர்